யாரும் அழைக்காதவை

மூவாயிரத்து நூற்றிப் பன்னிரண்டு பைட் கூட.
லிங்கர் ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுகொண்டது.
138ஆம் இலக்க பஸ் என்றால்
"உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்பார் கொண்டக்டர்;
இல்லாத இடம் பிறக்கும்.
சிப்புக்குள் அப்படிப் பிறக்காது.

பம்பலப்பிட்டி, நாலாம் மாடி.
கடல் பக்கக் கண்ணாடியில் உப்புப் பூத்திருக்கிறது.
பாணந்துறை ரயில் போகும்போதெல்லாம்
மேசையில் ரிக்கற் மெஷின் அரை விரல் நகரும்.

அஸ்மிர் சொன்னான்:
ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனி அறை கொடு.
கூட்டுக் குடும்பமாய் வைத்தால்
ஒருவனைக் கூப்பிட எல்லாரும் எழும்பி வருவார்கள்.
தனியறை என்றால் லிங்கர் மெயினில் தொடங்கும்,
இவன் யாரை அழைக்கிறான், அவன் யாரை, அந்த அவன்
யாரை,
பேர் சொல்லப்படாத கதவைத் தட்டவே தட்டாது.
கட்டடம் அந்த அறை இல்லாமலே எழும்பிவிடும்.

ஒன்றை மட்டும் முதலே காப்பாற்றினேன்.
கரண்ட் போனால் கடைசி ரிக்கற்றை எழுதிவைக்கும் பதினாலு வரி.
அதை எந்த வரியும் அழைப்பதில்லை.
மின்சாரம்தான் அழைக்கும்,
அதுவும் விட்டுப் போகிற நேரத்தில்.
"வைத்திரு" என்று எழுதினேன், வைத்தது.

பிறகு கட்டினேன். சிவப்பு இல்லை.
பிளேன்டி ஆறும்வரை, கழித்துவிட்டவற்றின் பட்டியலை வாசித்தேன்.
பழைய அச்சுத்தலைக்கு எழுதிய டிரைவர்.
நிலூக மெல்பேர்ண் போகுமுன் விட்டுப்போன சோதனை,
அதற்குள் அவள் நாய்க்குட்டியின் பெயரில் ஒரு மாறி.
யாரும் வாங்காத பருவச்சீட்டின் கணக்கு.
எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்.
அதற்குக் கீழே:

எழுத்துரு_தமிழ். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.

லிங்கருக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை.
அதற்கு மொழி தெரியாது, முகவரி மட்டும் தெரியும்.
தேடிப் பார்த்தேன்: போன மார்ச்சில் யாரோ
மெனுவின் மூன்று வரியை இரண்டாக்கியிருக்கிறார்கள்.
குறிப்பில் "சிறு திருத்தம்" என்று இருந்தது.
அன்றைக்குப் பார்த்து ஓகே போட்ட பெயர்
என்னுடையது.

"வைத்திரு" போட்டால் போதும் என்றான் அஸ்மிர்.
வைத்தால் இருக்கும்தான்,
கொட்டாஞ்சேனையின் ஞகரம் இருட்டில் குந்தியிருக்கும்,
ஒரு பயணியும் அதைக் காணமாட்டார்.
வைத்திருப்பது வேறு, அழைப்பது வேறு.
மூன்றாம் வரியைத் திரும்ப எழுதினேன்,
அதிலிருந்து எழுத்துருவுக்கு ஒரு நூல் ஓடியது.
மறுபடி சிவப்பு.

இரவு ஒன்பதரைக்குத்தான் கண்ணில் பட்டது:
70.00.
அந்தப் புள்ளியை அச்சடிக்க
தசமக் கணக்கின் முழுப் பரிவாரமும் உள்ளே வந்து படுத்திருக்கிறது,
இரண்டாயிரத்துச் சொச்சம் பைட்டில் பாய் விரித்து.
இந்த ஊரில் சதத்தைக் கடைசியாய்க் கண்டவர் யார்?
ரூபாய்க்கே மிச்சம் தராத கொண்டக்டர்
சதத்தை எங்கே தேடுவார்?
புள்ளியை எடுத்தேன்.
ஒருவரும் அழைக்காமல் அந்தப் பரிவாரம் தானாய்ப் போனது.

இன்னும் எண்பத்தேழு கூட.

எழுத்துருவையே விரித்து வைத்துப் பார்த்தேன்.
ஙி, ஙீ, ஙு, ஙூ.
முதலாம் வகுப்பில் சத்தமாய்ச் சொன்ன பிறகு
நானே ஒருநாளும் எழுதாதவை.
எந்தத் தரிப்பிடத்தின் பெயரிலும் இல்லை.
படத்துக்கு முப்பத்திரண்டு, நாலுக்கு நூற்றி இருபத்தெட்டு.
லிங்கர் செய்தால் தெரியாமல் செய்யும்.
நான் பெயர் தெரிந்து,
ஒவ்வொன்றாய் உச்சரித்து அழித்தேன்.

பத்தரைக்கு அச்சடித்துப் பார்த்தோம்.
வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு, எழுபது ரூபா,
ஞகரத்தின் வால் கொஞ்சம் தேய்ந்து.
வயரைப் பிடுங்கினேன்.
பதினாலு வரியும் அந்த இருட்டில் ஒருதரம் ஓடியிருக்க வேண்டும்;
திரும்பச் செருகியபோது ரிக்கற் அப்படியே இருந்தது.

நாற்பத்தொரு பைட் மிச்சம்.
என்ன வைக்கலாம் என்று அஸ்மிர் கேட்கிறான்.
ஒரு ஙுவுக்குக் காணும் என்கிறேன்.
சிரித்துக்கொண்டு லைட்டை அணைக்கிறான்.
கடைசி ரயிலுக்கு மெஷின்
அரை விரல் நகர்கிறது.